உலக வங்கி இயக்குநர்களுக்கு: தாமதத்தின் விலையை யார் கட்டுவது என்று முதலில் எழுதுங்கள்

உலக வங்கியின் நிர்வாக இயக்குநர்களுக்கு வணக்கம்.

2025 ஜூன் மாதம் நீங்கள் எடுத்த முடிவைப் பற்றித்தான் இந்த மடல். அணுமின் திட்டங்களுக்குக் கடன் கிடையாது என்று 2013இல் உறுதிசெய்த கொள்கையை விலக்கினீர்கள். அதே மாதம் சர்வதேச அணுசக்தி முகமையுடன் ஒப்பந்தமும் போட்டீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் உலைகளின் ஆயுளை நீட்டிக்க உதவுவது, மின்கட்டமைப்பைப் பலப்படுத்துவது, சிறு உலைகளின் வரவை விரைவுபடுத்துவது என்று உங்கள் அறிவிப்பு சொன்னது.

தடையைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று கேட்க இதை எழுதவில்லை. நிலக்கரியை விட்டு வெளியேற வேண்டிய உலகத்துக்கு அணுமின்சாரமும் வேண்டும் என்று நினைப்பவர்களில் நானும் ஒருவர். என் கவலை முழுக்கக் கடன் பத்திரத்தைப் பற்றியது. ஓர் உலையின் கட்டுமானம் தள்ளிப்போனால் அந்தச் செலவை யார் ஏற்பது என்பது, முதல் காங்கிரீட் கொட்டுவதற்கு முன்பே, பெயர் குறிப்பிட்டு, எவரும் படிக்கும்படி எழுதப்பட்டிருக்க வேண்டும். அப்படி எழுதப்படாத எந்தத் திட்டத்துக்கும் நீங்கள் ஒப்புதல் தரக் கூடாது.

உங்கள் வங்கிக்கு இது முன்பின் தெரியாத துறை இல்லை. 1959இல் இத்தாலியின் கரிலியானோ அணுமின் நிலையத்துக்கு 4 கோடி டாலர் கடன் கொடுத்தீர்கள். வங்கி இதுவரை அணு உலை கட்டக் கொடுத்த ஒரே கடன் அதுதான். அன்றைக்குக் கேட்டவுடன் காசோலை எழுதிக் கொடுத்துவிடவில்லை. இத்தாலிய அரசுடன் சேர்ந்து ஆய்வு நடத்தி, பல நாட்டு நிறுவனங்களிடம் ஒப்பந்தப்புள்ளி கேட்டு, வல்லுநர் குழுவை வைத்து அலசி, அப்புறம்தான் உலையைத் தேர்ந்தெடுத்தார்கள். 150 மெகாவாட் உலை 1964இல் ஓடத் தொடங்கியது. 1978இல் பழுதாகி நின்றது. 1982இல் நிரந்தரமாக மூடினார்கள். அதைப் பிரித்தெடுக்கும் வேலை இன்னும் முடியவில்லை. 14 ஆண்டு ஓடிய நிலையத்தை, மூடி 40 ஆண்டு தாண்டிய பிறகும், கழற்றிக்கொண்டே இருக்கிறார்கள். அவ்வளவு கவனமாகத் தேர்ந்தெடுத்த உலையின் கதையே இப்படி என்றால், அவசரத்தில் தேர்ந்தெடுத்தவற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இப்போது பணக்கணக்குக்கு வருகிறேன். எரிவாயு மின்நிலையத்தில் செலவின் பெரும்பகுதி எரிவாயுதான். அது கட்டுப்படியாகாவிட்டால் நிலையத்தைக் கொஞ்ச காலம் நிறுத்திவைக்கலாம். அணுமின் நிலையத்தில் யுரேனியத்தின் பங்கு சிறியது. செலவில் பெரும்பகுதி, ஒரு யூனிட் மின்சாரம்கூட விற்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. உலையை நிறுத்தினாலும் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே அணுமின்சாரத்தின் விலையைப் பெரிதும் தீர்மானிப்பவை இரண்டு: கட்டி முடிக்க எத்தனை ஆண்டு, கடனுக்கு என்ன வட்டி.

இதை ஒரு கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். 1,000 மெகாவாட் உலை, கட்டுமானச் செலவு வட்டி சேர்க்காமல் 500 கோடி டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டில் 90 சதவீத நேரம் ஓடினால் கிட்டத்தட்ட 788 கோடி யூனிட் கிடைக்கும். பணத்தை ஆண்டுதோறும் சம அளவில் செலவழித்து, ஆறு ஆண்டில் கட்டி முடித்து, கடனை 30 ஆண்டில் அடைப்பதாகக் கொள்வோம். வட்டி 3 சதவீதம் என்றால், கட்டி முடிக்கும்போது கடன் சுமார் 547 கோடி டாலர். ஒரு யூனிட்டில் கடனுக்காக மட்டும் போகும் பங்கு மூன்றரை சென்ட். வட்டி 9 சதவீதம் என்றால் கடன் 655 கோடி. யூனிட்டுக்கு 8 சென்ட். அதே 9 சதவீதத்தில் வேலை ஆறுக்குப் பதில் பன்னிரண்டு ஆண்டு இழுத்தால் கடன் 876 கோடி. யூனிட்டுக்கு ஏறக்குறைய 11 சென்ட். மூன்று கணக்கிலும் உலை ஒன்றுதான். கம்பி, சிமெண்ட், பொறியாளர் எதிலும் மாற்றமில்லை. கூடுதலாக ஒரு டாலர்கூடக் கட்டுமானத்தில் செலவாகவில்லை. காலமும் வட்டியும் மட்டுமே விலையை மூன்று மடங்காக்கிவிட்டன. நிஜத்தில் வேலை இழுக்கும்போது கட்டுமானச் செலவும் சேர்ந்தே ஏறும். அதை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

சரி, அப்படியானால் உலக வங்கி போன்ற ஒரு நிறுவனம் குறைந்த வட்டிக்குக் கடன் கொடுத்தால் பிரச்சினை தீர்ந்துவிடுமே என்று தோன்றும். உங்கள் முடிவை வரவேற்றவர்கள் பலரும் சொல்வது இதைத்தான். இங்கேதான் நான் கொஞ்சம் நிறுத்தி யோசிக்கச் சொல்கிறேன். தனியார் முதலீட்டாளர் 9 சதவீதம் கேட்பது பேராசையால் மட்டும் இல்லை. வேலை பாதியில் நிற்கலாம், செலவு இரட்டிப்பாகலாம் என்று அவருக்குத் தெரியும். நீங்கள் அதைவிடக் குறைந்த வட்டிக்குக் கொடுக்க முடிவதற்கு முக்கியக் காரணம், கடன் வாங்கும் நாட்டு அரசு உத்தரவாதக் கையெழுத்துப் போடுகிறது. உலையின் ஆபத்து அப்படியே இருக்கிறது. அதைச் சுமக்கும் ஆள்தான் மாறுகிறார். அந்த ஆள் பெரும்பாலும் ஒப்பந்தத்தைப் படித்தே இராத ஒரு வரி செலுத்துபவர், ஒரு மின்நுகர்வோர்.

தாமதத்தின் சுமை எங்கே போய் இறங்குகிறது என்பதற்குக் கடந்த இருபது ஆண்டுகளில் போதிய சாட்சி இருக்கிறது. பின்லாந்தின் ஒல்கிலுவோட்டோ 3ஆம் உலையை நிர்ணய விலைக்குக் கட்டித்தருவதாக பிரான்சின் அரேவா நிறுவனம் ஒப்புக்கொண்டது. விலை சுமார் 300 கோடி யூரோ. 2005இல் ஆரம்பித்து 2009இல் முடிக்க வேண்டியது. வழக்கமான மின்உற்பத்தி தொடங்கியது 2023 ஏப்ரலில். மொத்தச் செலவு 1,100 கோடி யூரோவை ஒட்டி வந்தது. காகிதத்தில் பார்த்தால் பின்லாந்துக்குப் பாதுகாப்பான ஒப்பந்தம். ஆனால் அரேவாவால் அந்த நட்டத்தைத் தாங்க முடியவில்லை. பிரெஞ்சு அரசு பணம் போட்டு அதைக் காப்பாற்றிச் சீரமைக்க வேண்டியதாயிற்று. ஃபின்லாந்தில் எழுந்த உலைக்கு பிரான்சின் வரிப்பணம் போனது. கட்டுபவர் திவாலாகும் அளவுக்கு நட்டம் வந்தால் நிர்ணய விலை என்ற சொல்லுக்குப் பொருள் இல்லை.

அமெரிக்காவின் தெற்கு கரோலினாவில் வேறு வழி. 2007இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, உலை கட்டி முடிவதற்கு முன்பே மக்களின் மின்கட்டணத்தில் செலவை வசூலிக்க அனுமதித்தார்கள். வி.சி. சம்மர் நிலையத்தில் இரண்டு புது உலைகள் கட்டத் தொடங்கினார்கள். ஒன்பது முறை கட்டணம் ஏறியது. உலையை வடிவமைத்த வெஸ்டிங்ஹவுஸ் 2017 மார்ச்சில் திவால் மனு கொடுத்தது. ஜூலையில் வேலையைக் கைவிட்டார்கள். அதற்குள் சுமார் 900 கோடி டாலர் போய்விட்டது. அதைக் கட்டிய தனியார் மின்நிறுவனத்திடம் மின்சாரம் வாங்கிய ஒரு குடும்பத்தின் கட்டணத்தில் ஏறக்குறைய 18 சதவீதம், எழாத உலைகளுக்காகப் போய்க்கொண்டிருந்தது. கட்டுமானத்தின்போதே நுகர்வோரிடம் சிறுகச் சிறுக வாங்கினால் வட்டிச்சுமை குறையும் என்பது கணக்குப்படி உண்மைதான். பிரிட்டன் சைஸ்வெல் சி திட்டத்தில் அந்த வழியையே எடுத்திருக்கிறது. ஆனால் வேலையை வேகமாக முடிக்க வேண்டும் என்ற அழுத்தத்தையும் அது சேர்த்தே குறைத்துவிடும். அதற்கு ஈடாக யாருடைய லாபத்தில் கைவைப்பது என்று சட்டத்திலேயே இருக்க வேண்டும்.

பிரிட்டனின் ஹிங்க்லி பாயிண்ட் சி அணுமின் நிலையம் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. அங்கே அரசு 35 ஆண்டுக்கு விற்பனை விலையை உறுதிசெய்தது. கட்டுமானச் சுமை இ.டி.எஃப். நிறுவனத்துடையது. 1,800 கோடி பவுண்ட் என்று ஆரம்பித்த மதிப்பீடு, அதே 2015ஆம் ஆண்டு விலைவாசியில் 3,100 முதல் 3,400 கோடிக்கு வந்து நிற்பதாக 2024இல் சொன்னார்கள். அந்த நிறுவனம் முழுவதும் பிரெஞ்சு அரசின் சொத்து.

இவையெல்லாம் வசதியான நாடுகள். அடி விழுந்தாலும் எழுந்து நிற்கும். உங்களிடம் கடனுக்கு வரப்போவது இந்த நாடுகள் இல்லை. அதனால்தான் பிலிப்பைன்ஸின் பட்டான் நிலையத்தை ஒவ்வொரு இயக்குநரும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கிறேன். 1976இல், மார்கோஸ் ஆட்சியில், 621 மெகாவாட் உலை ஒன்றுக்கு வேலை ஆரம்பித்தது. பணம் வெளிநாட்டுக் கடன். 1979இல் திரீ மைல் ஐலண்டு விபத்து நடந்ததும் வேலையை நிறுத்திப் பாதுகாப்பு விசாரணை வைத்தார்கள், குறைகள் வெளிவந்தன, செலவு ஏறியது. 1984 வாக்கில் கட்டடம் ஏறத்தாழ முடிந்தது. செலவு 200 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. 1986இல் மார்கோஸ் ஆட்சி வீழ்ந்தது, சில வாரங்களில் செர்னோபில் விபத்து; புதிய அரசு உலையை ஓட்டுவதில்லை என்று முடிவெடுத்தது. எரிபொருளை உள்ளே வைக்கவே இல்லை. கடன் மட்டும் உயிரோடு இருந்தது. கடைசித் தவணையைக் கட்டி முடித்தது 2007இல். வேலை ஆரம்பித்தபோது பிறந்த குழந்தை முப்பது வயதைத் தாண்டும்வரை, ஒரு விளக்கைக்கூட எரிக்காத நிலையத்துக்கு அந்த நாடு அசலும் வட்டியும் கட்டியது. கடன் கொடுத்தவர்களுக்குப் பணம் வந்து சேர்ந்துவிட்டது. அவர்கள் பார்வையில் அது வெற்றிகரமான கடன். இந்த இடைவெளிதான் என்னை இந்த மடலை எழுதவைத்தது.

இன்றைக்கு ஏழை, நடுத்தர நாடுகள் வெளிநாட்டாரைக் கொண்டு கட்டும் புது உலைகளில் பெரும்பகுதியைக் கட்டுவது ரஷ்யாவின் அரசு நிறுவனமான ரோசாட்டம். வங்கதேசத்தின் ரூப்பூர் நிலையத்துக்கு ஒப்பந்த மதிப்பு 1,265 கோடி டாலர். அதில் 90 சதவீதம் ரஷ்யக் கடன். எகிப்தின் எல் தபாவுக்கு 2,500 கோடி டாலர் ரஷ்யக் கடன், வட்டி 3 சதவீதம். ரூப்பூரில் யாரும் எதிர்பார்க்காத ஒரு சிக்கல் வந்தது. ரஷ்ய வங்கிகள் மீது தடை வந்ததும், கட்ட வேண்டிய பணத்தை அனுப்பவே வழியில்லாமல் போனது; 2023இல் சீன யுவானில் கட்டலாமா என்று பேசும் நிலை ஏற்பட்டது. பணம் கையில் இருந்தும் கடனாளியாக நிற்பது எப்படிப்பட்ட நிலை என்று யோசித்துப் பாருங்கள். துருக்கியின் அக்குயுவில் இதற்கு நேர்மாறான ஏற்பாடு: ரோசாட்டமே கட்டி, சொந்தமாக வைத்து, ஓட்டும், துருக்கி 15 ஆண்டுக்கு யூனிட்டுக்கு 12.35 சென்ட் வீதம் குறிப்பிட்ட அளவு மின்சாரம் வாங்கும். 2023க்குள் முதல் உலை ஓட வேண்டும் என்றார்கள், ஓடவில்லை. ஆனால் அந்தத் தாமதத்துக்கான வட்டியைத் துருக்கி மக்கள் கட்டவில்லை. விலை அதிகமாகத் தெரிந்தாலும் சுமை யாருடையது என்பதில் குழப்பமில்லை. வேறு ஒரு நாட்டு அரசு நிறுவனத்துக்கு உலையின் உரிமையைக் கொடுப்பது பெரிய விலைதான், அதையும் மறுக்கவில்லை.

நீங்கள் இந்தத் துறைக்குள் வருவதால் கிடைக்கக்கூடிய பெரிய நன்மையும் இதில்தான் இருக்கிறது. விற்பவரே கடனும் கொடுத்தால், விலை சரியா என்று கேட்க நடுவில் ஆள் இல்லை. நீங்கள் அந்த ஆளாக இருக்கலாம். கரிலியானோவில் இருந்தீர்கள்.

நன்றாக நடந்தவற்றிலிருந்து என்ன எடுத்துக்கொள்ளலாம்? ஐக்கிய அரபு அமீரகத்தின் பராக்காவில் ஒரே வடிவத்தில் நான்கு கொரிய உலைகள், ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே குழுவைக் கொண்டு கட்டினார்கள். மொத்தம் 5,600 மெகாவாட். முதல் காங்கிரீட் 2012இல், முதல் உலை வணிக உற்பத்திக்கு வந்தது 2021இல், நான்காவது 2024இல். அதிலும் தாமதம் உண்டு. இருந்தாலும் நாட்டின் மின்சாரத்தில் கால்பங்கை இன்று அந்த ஒரு நிலையம் தருகிறது. பிரான்ஸ் 1974க்குப் பிறகு வரிசையாக உலைகளைக் கட்டிச் சாதித்ததும் இதே வழியில்தான்: வடிவத்தை மாற்றாதே, கட்டும் ஆட்களைக் கலைக்காதே. ஆனால் அவ்வளவு ஒழுங்காக நடந்த பராக்காவிலும் கூடுதல் செலவு யாருடையது என்பதில் அதைக் கட்டித்தந்த தென்கொரிய மின்நிறுவனமான கெப்கோவும் அதன் துணை நிறுவனமும் 2025இல் லண்டன் நடுவர் மன்றத்துக்குப் போய்விட்டன. ஒரே குடும்பத்து நிறுவனங்களுக்குள்ளேயே தெளிவு இல்லை என்றால், அந்நிய விற்பனையாளரையும் ஏழை நாட்டையும் கோக்கும் ஒப்பந்தத்தில் எவ்வளவு தெளிவு வேண்டும்!

உங்கள் பட்டியலில் மிக நல்ல அம்சம் பழைய உலைகளின் ஆயுள் நீட்டிப்புதான். நிலம் இருக்கிறது, மின்தடம் இருக்கிறது, ஓட்டத் தெரிந்த ஆட்கள் இருக்கிறார்கள். கனடாவின் டார்லிங்டனில் நான்கு உலைகளைப் புதுப்பிக்க 1,280 கோடி கனடா டாலர் என்று ஒதுக்கி, ஒவ்வொன்றாகப் பிரித்துச் சேர்த்தார்கள். முதல் உலையில் கற்றதை அடுத்ததில் பயன்படுத்தினார்கள். உங்கள் முதல் கடன் இப்படிப்பட்ட ஒரு வேலைக்குப் போகட்டும்.

சிறு உலைகளின் விஷயத்தில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. அமெரிக்காவின் ஐடஹோவில் நியூஸ்கேல் நிறுவனத்தின் வடிவத்தில் 462 மெகாவாட் நிலையம் ஒன்றைத் திட்டமிட்டார்கள். யூனிட்டுக்கு 5.8 சென்ட் என்று சொன்ன விலை, அரசு மானியத்துக்குப் பிறகும் 8.9 சென்ட் ஆனது. வாங்க முன்வந்த நகராட்சி மின்வாரியங்கள் போதிய அளவில் சேரவில்லை. 2023 நவம்பரில் திட்டத்தைக் கைவிட்டார்கள். டார்லிங்டனில் 300 மெகாவாட் உலைகள் நான்குக்கு 2025இல் ஒப்புதலான தொகை 2,090 கோடி கனடா டாலர். முதல் உலைக்கும் பொதுவசதிகளுக்கும் சேர்த்தே 770 கோடி. முதன்முதலாகக் கட்டும் வடிவத்துக்கு இந்தச் செலவு புரிந்துகொள்ளக்கூடியதே. அதைக் கனடா தாங்கும். தொழிற்சாலையில் வரிசையாக வார்த்தெடுத்தால் விலை இறங்கும் என்பது இன்னும் நிரூபிக்கப்படாத வாக்குறுதி. அந்த வாக்குறுதியைச் சோதித்துப் பார்க்கும் களமாக உங்களிடம் கடன் வாங்கும் நாடு இருக்கக் கூடாது. வேறெங்காவது கட்டி, சில ஆண்டு ஓட்டி, கணக்கை வெளியிட்ட வடிவத்துக்கு மட்டுமே கடன் கொடுங்கள்.

ஆனால் சிறு உலைகளுக்கு ஒரு நியாயமான காரணமும் இருக்கிறது. ஒரே உலை மின்கட்டமைப்பின் மொத்தத் திறனில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது துறையில் பொதுவாகப் பின்பற்றும் வரம்பு. அது திடீரென்று நின்றால் நாடே இருண்டுவிடக் கூடாதல்லவா. 1,200 மெகாவாட் உலைக்கு 12,000 மெகாவாட் கட்டமைப்பு வேண்டும். சகாராவுக்குத் தெற்கே பல நாடுகளில் மொத்தத் திறனே 1,000 மெகாவாட்டுக்குக் கீழ். அங்கே உங்கள் பணம் முதலில் கம்பிக்கும் துணைமின் நிலையத்துக்கும்தான் போக வேண்டும். பின்னால் உலை வந்தாலும் வராவிட்டாலும் அது வீணாகாது.

உலை ஓடி முடித்த பிறகு வரும் செலவை ஒப்பந்தங்கள் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளிவிடுகின்றன. பயன்படுத்திய எரிபொருளை 1998க்குள் எடுத்துக்கொள்வதாக அமெரிக்க அரசு சட்டப்படி வாக்களித்தது, எடுக்கவில்லை, அதற்காக மின்நிறுவனங்களுக்கு இதுவரை 1,000 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு கட்டியிருக்கிறது. பிரிட்டனின் செல்லாஃபீல்டைச் சுத்தப்படுத்தி முடிக்க 13,600 கோடி பவுண்ட் ஆகும் என்று 2024இல் மதிப்பிட்டார்கள். ஜெர்மனி 2017இல் மின்நிறுவனங்களிடமிருந்து சுமார் 2,400 கோடி யூரோவை ஒரே தடவையில் வாங்கி, தனி நிதியத்தில் போட்டது. நிறுவனம் நாளை இருக்குமோ இருக்காதோ, பணம் இருக்கும். முதல் யூனிட் விற்ற நாளிலிருந்து ஒரு பங்கு, அரசோ மின்வாரியமோ கைவைக்க முடியாத ஒரு நிதியத்துக்குப் போக வேண்டும் என்பது உங்கள் கடன் நிபந்தனையாகவே இருக்கட்டும்.

கடைசியாக, உங்களால் நாளையே செய்யக்கூடிய ஒன்று. ஏழை நாடுகளுக்குக் கடன் கொடுக்கும் முன் நீங்களும் பன்னாட்டு நாணய நிதியமும் சேர்ந்து கடன் தாங்குதிறன் மதிப்பீடு செய்கிறீர்கள். அணு உலை என்று வரும்போது, கட்டுமானச் செலவு இரட்டிப்பாகி, காலமும் இரட்டிப்பாகும் நிலையில் அந்த நாட்டின் நிலுவை எப்படி இருக்கும் என்று தனியாக ஒரு கணக்குப் போடுங்கள். இது மிகைப்படுத்திய பயம் கிடையாது. ஒல்கிலுவோட்டோ, பிரான்சின் ஃபிளமன்வில், அமெரிக்காவின் வோக்டில் மூன்றிலும் செலவு இரட்டிப்பைத் தாண்டியது. அந்தக் கணக்கில் நாடு தாங்காது என்று தெரிந்தால், எவ்வளவு நல்ல உலையாக இருந்தாலும் அந்தக் கடன் வேண்டாம். அரசு உத்தரவாதங்களை ‘வரக்கூடிய பொறுப்பு’ என்று அடிக்குறிப்பில் ஒதுக்காமல் கடனாகவே எண்ணுங்கள்.

அந்த மதிப்பீட்டையும், விற்பனையாளருடன் போட்ட ஒப்பந்தத்தில் தாமதம் பற்றிய பிரிவுகளையும், உங்கள் வாக்கெடுப்புக்குக் குறைந்தது ஆறு மாதம் முன்பு அந்த நாட்டு மக்களின் மொழியிலேயே வெளியிடுங்கள். வணிக ரகசியம் என்று சொல்லி ஒரு விற்பனையாளர் அந்தப் பக்கங்களைக் காட்ட மறுத்தால், அந்தத் திட்டத்துக்கு எதிராக வாக்களியுங்கள்.

மரியாதையுடன்,
அணுமின்சாரம் வர வேண்டும் என்று விரும்பும் ஒருவர்